ஒரு நாளைக்குப் பத்துச் சொல்

ஆங்கிலமே தெரியாத மனிதனால் உலகத்துக்கு ஒரு தீங்கும் இல்லை. நன்றாகத் தெரிந்தவனாலும் பெரிய தீங்கு வராது. தேவைக்கு நாலு வார்த்தை பேசிவிட்டுத் தன் பாட்டில் இருப்பான். நாளைக்குப் பத்துச் சொல் என்று எண்ணிப் படிக்கிறவன் ஒருவன் இருக்கிறானே, அவனைக் கண்டால்தான் தெருவின் மறு பக்கத்துக்குப் போய்விட வேண்டும். இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும். ஏனென்றால் அந்த ஆள் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கவர்னர் துரை நாட்டை ஆண்டுகொண்டிருந்தார். நான் அவருக்குக் கீழே, மிக மிகக் கீழே, கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கடைசி மேசைக் கிளாக்கராக இருந்து அவருக்கு உதவி செய்துகொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் சம்மரி. கல்யாணமாகாத யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, சேர்ந்து சமைத்து, சேர்ந்து சண்டை பிடிக்கும் வீட்டுக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர்.

கந்தோரில் மேல் வகுப்புக்குப் போக ஒரு பரீட்சை இருந்தது. அதில் ஆங்கிலக் கட்டுரை எழுத வேண்டும். எங்கள் பெரிய கிளாக்கர் எழுதும் கடிதங்கள் முதல் வாசிப்பில் யாருக்கும் விளங்காது. அவர் மேல் வகுப்பில் இருந்தார். நான் எழுதுவது எல்லாருக்கும் விளங்கியது. நான் கீழ் வகுப்பில் இருந்தேன். இதிலிருந்து நான் என்ன முடிவுக்கு வந்தேன் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த சனிக்கிழமையே புறக்கோட்டை நடைபாதையில், அட்டை கிழிந்த பழைய அகராதி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

விதிமுறைகளை நானே வகுத்தேன். ‘ஏ’ எழுத்தில் தொடங்கி வரிசையாக, நாளைக்குப் பத்துச் சொல். சொல்லையும் பொருளையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு சொல்லையும் மூன்று தரமாவது உயிருள்ள ஒரு மனிதரிடம் பயன்படுத்திவிட வேண்டும். (அந்த மனிதர் சம்மதிக்க வேண்டும் என்று விதியில் இல்லை.)

முதல் பலி என் அறை நண்பன் துரைராசா. அவனுக்குத் தபால் கந்தோரில் வேலை. கடிதங்களின் ரகசியத்தைக் காப்பாற்றுவதாகச் சத்தியம் செய்துகொடுத்துச் சேர்ந்தவன். மற்ற எந்த ரகசியத்துக்கும் அவன் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. “மச்சான், குளியலறையை நீ எப்போது அப்டிக்கேட் செய்வாய்?” என்று காலையில் அவனிடம் கேட்பேன். அரசன் முடி துறப்பதற்கு அகராதியில் போட்டிருந்த சொல் அது. காலி வீதி மூலையில் இருந்த சிங்களப் பேக்கரிக்காரரிடம் போய், “உங்கள் பாணின் சூடு அபேட் ஆகிவிட்டது” என்பேன். “மொனவத மாத்தயா கியன்னே?” என்று, என்ன ஐயா சொல்கிறீர்கள் என்ற அர்த்தத்தில், அவர் பயந்துபோய்க் கேட்பார். நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாதபோது, அந்த மனிதர் என்ன செய்வார்? பாணை மாற்றித் தருவார்.

இந்த நேரத்தில்தான் புவனேஸ்வரி.

எங்கள் ஒழுங்கையின் கடல் பக்கத்துக் கடைசி வீடு, ரெயில் பாதைக்குப் பக்கத்தில், சுருட்டுக்கடை முருகேசருடையது. காலி வீதியில் அவருக்குக் கடை. புவனேஸ்வரி அவருடைய ஒரே மகள். தாய் இல்லை. ஆங்கிலத்தில் சீனியர் பாஸ் பண்ணிவிட்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். காலை ஏழே முக்கால் ரெயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து ட்ராம் பிடிப்பாள். நான் எட்டே கால் ரெயிலில் போனாலும் நேரத்துக்குக் கந்தோருக்குப் போய்விடலாம். ஆனால் ஏழே முக்காலுக்குப் போவதுதான் கடமை உணர்ச்சி என்று எனக்குத் திடீரென்று ஒரு நாள் தோன்றியது.

வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்றால் கடல் காற்று ஆளைத் தள்ளும். ஒரு நாள் அது என் கொப்பியின் முதல் தாளைக் கிழித்துக்கொண்டு போய் அவள் காலடியில் போட்டது. அவள் குனிந்து எடுத்தாள். எடுத்தவள் உடனே தரவில்லை, வாசித்தாள்.

“இதில எட்டாவது சொல், அபேயன்ஸ். அப்பிடியெண்டால் என்ன?” என்று கேட்டாள். பொருள் எழுதியிருந்த பாதி காற்றோடு கிழிந்துவிட்டிருந்தது.

“ஒரு விஷயத்தை ஓம் எண்டும் சொல்லாமல், இல்லை எண்டும் சொல்லாமல், அப்பிடியே நிறுத்தி வைக்கிறது” என்றேன். பத்துச் சொல்லில் ஒன்றை ஒருவர் தாமாகவே கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஓ, என்ர கலியாண விஷயம் மாதிரி” என்று சிரித்துவிட்டுத் தாளைத் தந்தாள். ரெயில் வந்தது. பெண்கள் பெட்டியில் ஏறிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு சொல் கேட்பாள். ஒன்றே ஒன்று. நான் பொருள் சொல்வேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. நான்கு மாதத்தில் நாங்கள் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம்கூட வராது. ஆனால் அவள் வராத நாட்களில் அந்தப் பிளாட்பாரத்தில் நான் நின்ற நிற்பு இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் இரக்கமாக இருக்கிறது. கடல் முழுவதும் அங்கேயே இருக்கும். பார்க்க ஒன்றுமே இருக்காது.

‘டி’ எழுத்தின் நடுவில் நான் இருந்தபோது துரைராசா செய்தி கொண்டு வந்தான்.

“மச்சான், சுருட்டுக்கடையாற்ற மகளுக்குக் கொட்டாஞ்சேனையில ஒரு இடம் பொருந்தியிருக்காம். அச்சுக்கூடம் வைச்சிருக்கிற ஆக்கள். குறிப்பும் பொருத்தமாம். ஆவணியில முடிப்பினமாம்.”

அப்போது ஆனி பிறந்துவிட்டது.

வேறு ஊர்க்காரர் கேட்கலாம்: நீயும் பெண் கேட்டு ஆள் அனுப்ப வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். எங்கள் வழக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை தேடி வருவார்கள். மாப்பிள்ளை தானே போய், “என்னை எடுங்கள்” என்று கேட்டால், அவனிடம் ஏதோ கோளாறு என்றுதான் ஊர் நினைக்கும். அம்மாவுக்கு எழுதலாம் என்றால், எனக்கு ஒரு தங்கை கல்யாணத்துக்கு இருந்தாள். “குமர் ஒண்டு வீட்டில இருக்க உனக்கென்னடா அவசரம்?” என்றுதான் பதில் வரும். ஆக, தமிழில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு பூட்டியிருந்தது.

ஆங்கிலத்தில் பூட்டவில்லை. அந்தக் காலத்தில் தமிழில் சொல்ல வெட்கப்படும் எதையும் ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். அதற்குக் கௌரவம் வேறு. முருகேசருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதி வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால், மகள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். முதலில் அவளுக்கு விளங்கும். அவளுக்கும் விருப்பம் என்றால் பக்குவமாகத் தகப்பனிடம் சொல்வாள். விருப்பம் இல்லையென்றால் ஏதோ விளம்பரம் என்று கிழித்துப் போடுவாள். என் வாழ்க்கையில் நான் போட்ட திட்டங்களில் இவ்வளவு நேர்த்தியானது வேறு இல்லை.

கந்தோர் முடிந்த பிறகு தட்டச்சு மிஷினில் இருந்து எழுதினேன். காதல் கடிதம் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. என் ஜென்மத்தில் நான் எழுதிய கடிதங்கள் இரண்டே வகை. ஒன்று லீவுக் கடிதம். மற்றது வேலை விண்ணப்பம். லீவுக் கடிதம் பொருந்தாது என்ற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

எனவே விண்ணப்பம் எழுதினேன். அதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

“ஐயா, தங்கள் மதிப்புக்குரிய இல்லத்தில் மருமகன் பதவிக்கு ஒரு வேக்கன்சி ஏற்பட்டிருப்பதாக அறிந்து, அப்பதவிக்கு என்னைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். வயது இருபத்து நான்கு. உயரம் ஐந்தடி ஏழு. ஆங்கில சீனியரில் தேர்ச்சி. தொழிலில் அசிடுவஸ்; சுபாவத்தில் அமிக்கபிள். தங்கள் மகளின் டெமியூர் ஆன நடத்தையையும் செலெஸ்டியல் ஆன தோற்றத்தையும் பற்றி நீண்ட காலமாகக் கோஜிட்டேட் செய்து வருகிறேன். நியமனம் கிடைத்தால் என் கொன்ஜுகல் கடமைகளை மேலதிகாரிகளின் முழுத் திருப்திக்கு நிறைவேற்றுவேன் என உறுதி கூறுகிறேன். இரண்டு நற்சான்றுப் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன.”

விடாமுயற்சி, இணக்கம், அடக்கம், தெய்வீகம், ஆழ்ந்த யோசனை, இல்லறம் எல்லாம் அதில் இருந்தன. அவள் இல்லாத பிளாட்பாரத்தில் கடல் வெறுமையாகத் தெரியும் என்பது மட்டும் இல்லை. அதற்கு ஏ முதல் டி வரை தேடியும் ஒரு சொல் கிடைக்கவில்லை.

துரைராசா வாசித்துப் பார்த்தான். “மச்சான், இதைப் பார்த்தால் பெட்டை ஓம் எண்டும் சொல்லாது, இல்லை எண்டும் சொல்லாது. இன்டர்வியூவுக்கு வரச்சொல்லும்” என்றான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். கையில் வேறு கவர் இல்லாததால், அரச முடிச் சின்னம் அச்சடித்த கந்தோரின் நீள மண்ணிறக் கவருக்குள் போட்டு ஒட்டி அனுப்பினேன்.

இனி, திட்டம் போட்ட மும்முரத்தில் நான் மறந்தேபோன ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முருகேசருக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை இரண்டு வருடமாக வாசித்துச் சொல்லி வந்தவன் நான். தண்ணீர் வரி, கடை லைசென்ஸ், எது வந்தாலும். அவர் வீட்டுக்குப் போக அதுதானே எனக்கு ஒரு சாட்டு. அந்தச் சாட்டு கைநழுவிப் போகாமல் இருக்க, “ஐயா, முடி போட்ட கடிதம் வந்தால் வேற ஒருத்தருக்கும் காட்டாதையுங்கோ. பிள்ளையிட்டயும் குடுக்க வேண்டாம், சும்மா பயப்பிடும். நேரே என்னட்டக் கொண்டு வாங்கோ” என்று நூறு தடவை சொல்லி வைத்திருந்தேன்.

மனிதர் சொல் தவறாதவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பாதி முகத்துக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு சம்மரி விறாந்தையில் நின்றேன். முருகேசர் சால்வைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். தபால்காரர் வழக்கம்போலக் கடையிலேயே அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டு விலாசம் எழுதினால் வீட்டுக்குப் போகும் என்று நம்பியது என் இரண்டாவது பிழை.

“தம்பி, இது நேற்று வந்தது. ஒருத்தருக்கும் காட்டேல்லை. மகளுக்கும் தெரியாது. ரெயில் பாதையை அகலமாக்கினமாம் எண்டு கடையில கதைச்சவை. வீட்டை எடுக்கப் போறாங்களோ? ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்.”

கவரை வாங்கினேன். நான் ஒட்டிய கவர். நான் தட்டிய எழுத்து. முன்னால் ஒரு தகப்பன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். உள்ளே துரைராசா தேத்தண்ணிக் கோப்பையோடு கதவு நிலையில் வந்து சாய்ந்துகொண்டான். இந்தக் காட்சியை அவன் எந்த விலைக்கும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டான்.

மெதுவாக வாசித்தேன். நானே எழுதியதை முதல் தடவை வாசிப்பவனைப் போல் புருவத்தைச் சுருக்கினேன். கேட்கத்தானே எழுதினேன்? இதோ கேட்க வேண்டியவரே வீடு தேடி வந்திருக்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தெரிந்தது.

“ஐயா, இது ஒரு விண்ணப்பம்” என்றேன்.

“என்ன விண்ணப்பம்?”

“ஒரு பெடியன் உங்களிட்ட ஒரு இடம் கேட்கிறான்.”

“இடமோ? எங்க, கடையிலையோ?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று எழுத்துச் சொல். எந்த அகராதியும் தேவையில்லை. “ஓம்” என்றேன்.

துரைராசாவுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

முருகேசரின் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டும்! வீடு தப்பியது என்ற ஆறுதலில் படியில் உட்கார்ந்துவிட்டார். “பெடியன் படிச்சவனோ?” என்று விசாரித்தார்.

“சீனியர் பாஸ். கவுமேந்து உத்தியோகமும் இருக்கு. அதுதான் கந்தோர்க் கவரில போட்டிருக்கிறான்.”

“கவுமேந்து உத்தியோகத்தை விட்டிட்டுச் சுருட்டு விக்க வாறானோ? விசரனாக்கும்.”

“ஓம் ஐயா, கொஞ்சம் அப்பிடித்தான்” என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

“ஆனால் குணம் எப்பிடி? நல்ல பெடியனோ?”

“நல்லவன்” என்றேன். குரல் கொஞ்சம் உடைந்தது. “சரியான நல்லவன், ஐயா.”

“பாவம்” என்று யோசித்தார். “முந்தியெண்டால் எடுத்திருப்பன். இப்ப மகளின்ர விஷயம் சரிவந்திட்டுதல்லோ. வாற மருமகன்தான் இனிக் கடையையும் பார்ப்பார். அந்த இடம் அவருக்குத்தான். பெடியனுக்கு மனம் நோகாமல், இடமில்லை எண்டு ஒரு கடிதம் எழுதித் தாரும். எனக்கும் ஒரு கொப்பி வேணும், கம்பியில குத்தி வைக்க.”

அவர் வீட்டு முன்னறையில் ஆணியில் ஒரு கம்பி தொங்கும். வந்த கடிதம், போன கடிதத்தின் பிரதி எல்லாம் அதில் வரிசையாக ஏறும். நானே பழக்கிக் கொடுத்த கந்தோர் முறை அது.

பாதி முகம் சவர்க்காரம் காய, மேசையில் உட்கார்ந்து எழுதினேன். என் விண்ணப்பத்துக்கு நானே மறுப்பு, அதற்கு ஒரு பிரதியும். “தங்கள் விண்ணப்பம் மிக அசிடுவஸ் ஆகத் தயாரிக்கப்பட்டிருப்பினும், குறித்த பதவி ஏற்கனவே நிரப்பப்பட்டுவிட்டதால் தற்சமயம் வேக்கன்சி இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்.” அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு முருகேசரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாக இன்னொரு வரி எழுதியது. “எனினும் தங்கள் விண்ணப்பம் அபேயன்ஸில் வைக்கப்படும்.”

அவர் அடியில் தமிழில் கையெழுத்து வைத்தார். விலாசத்தில் என் பெயரையே எழுதினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது, எனக்குப் பொய்ப் பெயர் யோசிக்கத் தெம்பு இல்லை. விண்ணப்பத்தையாவது நானே வைத்துக்கொள்ளலாம் என்று கையை இறுக்கிப் பார்த்தேன். “இல்லைத் தம்பி, முடி போட்டது. கம்பியில கிடக்க வேணும்” என்று இழுத்து எடுத்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை தபாலில் எனக்கு என் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. துரைராசா அதை உடைத்து, நாற்காலியில் ஏறி நின்று, சம்மரி முழுவதும் கேட்க வாசித்தான். “வேக்கன்சி இல்லை” என்ற இடத்தில் சிரிப்பில் அவனுக்கு மூச்சு நின்றுவிட்டது. கடைசி வரிக்கு அவன் வருமுன் பறித்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை பிளாட்பாரத்தில் அவள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். சொல் ஒன்றும் கேட்கவில்லை.

“கம்பியில ரெண்டு கடிதம் பார்த்தனான்” என்றாள்.

நான் என் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தேன்.

“கேட்டதும் நீங்கள். மாட்டன் எண்டதும் நீங்கள். நடுவில நான் எண்டு ஒருத்தி இருந்தனான். என்னைக் கேட்க அந்தப் புத்தகத்தில ஒரு சொல்லும் இல்லையோ?”

கோபமாகச் சொன்னாள் என்றுதான் அப்போது நினைத்தேன். கண் அப்படி இல்லை என்பது பிறகு, மிகப் பிறகு, நினைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆயிரத்துக்கு மேல் சொற்களைச் சுமந்துகொண்டு ஊமையாக நின்றேன். ரெயில் வரும் சத்தம் கேட்டது. அவளே மீண்டும் பேசினாள்.

“இண்டைக்குப் பின்னேரம் வீட்டை வாங்கோ. அப்பாவோட தமிழில கதையுங்கோ. மிச்சத்தை நான் பார்ப்பன்.”

அன்றைக்குக் கந்தோரில் நான் ஒரு கடிதமும் எழுதவில்லை. தமிழில் ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். “ஐயா, எனக்கு உங்கட மகளைச் செய்து தாங்கோ.” இவ்வளவுதான். குளித்து, வேட்டி சால்வையோடு, விபூதி பூசிக்கொண்டு போனேன். துரைராசாகூட அன்று பகிடி பண்ணவில்லை. ஒழுங்கை முனை வரை என்னோடு வந்தான்.

“தம்பி, வாரும் வாரும்! நல்ல நேரத்தில வந்தீர்” என்று முருகேசர் எழுந்து வந்து கையைப் பிடித்தார். அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. “உம்மைத்தான் கூப்பிட ஆள் அனுப்ப இருந்தனான். மாப்பிள்ளை வீட்டுக்காரர் தங்கட அச்சுக்கூடத்திலயே கலியாணக் காட் அடிக்கினமாம். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். தமிழ் நான் எழுதிப்போட்டன். இங்கிலீஷை உம்மை விட்டால் எனக்கு ஆர் எழுதித் தருவினம்? நீர் எனக்கு ஒரு பிள்ளை மாதிரி.”

தாளும் பேனையும் முன்னால் இருந்தன. பாடமாக்கிய வசனம் நாக்கின் நுனி வரை வந்து நின்றது. பிள்ளை மாதிரி என்று சொன்ன மனிதரின் முகத்தைப் பார்த்தேன். பேனையை எடுத்தேன்.

ஒரு வேடிக்கை. கல்யாணக் காட்டுக்கு வேண்டிய சொல் எல்லாம் ஏ முதல் டி வரைக்குள்ளேயே இருந்தன. ஆஸ்பிஷஸ். பிரைட். செரமனி. டோட்டர். என் காதலுக்குக் கிடைக்காத அகராதி, அவள் கல்யாணத்துக்கு அள்ளிக் கொடுத்தது. நான் எழுதிக்கொண்டிருந்தபோது புவனேஸ்வரி கோப்பி கொண்டு வந்தாள். தாளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போனாள். கோப்பி சூடாக இருந்தது. நான் ஆறவிட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆவணியில் கல்யாணம். அழகான ஆங்கிலம் என்று எல்லாரும் கல்யாணக் காட்டைப் புகழ்ந்தார்கள். அவள் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டாள். நான் எட்டே கால் ரெயிலுக்கு மாறினேன்.

கொப்பி டி-யோடு நின்றுவிட்டது. பரீட்சையில் முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை எல்லாருக்கும் விளங்கும் ஆங்கிலத்தில் எழுதிப் பாஸ் பண்ணினேன். பல வருடம் கழித்து என் மகளுக்கு ஒரு சொல் தேடிக் கொடுக்க அந்தப் பழைய அகராதியைத் திறந்தபோது, ‘ஈ’ எழுத்தில் ஒன்று கண்ணில் பட்டது. எலோப்: பெற்றோர் அறியாமல் காதலனோடு ஓடிப்போதல். இன்னும் சில வாரம் படித்திருந்தால் அங்கே வந்திருப்பேன். (வந்திருந்தாலும் என்ன? அதற்கும் ஒரு விண்ணப்பம்தான் அனுப்பியிருப்பேன்.)

தங்கைக்கு முடிந்த பிறகு எனக்கும் கல்யாணம் நடந்தது. அன்றைக்கே துரைராசா பந்தியில் வைத்து முழுக் கதையையும் என் மனைவியிடம் சொல்லிவிட்டான். அவள் நல்லவள், விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. இரண்டாவது கோப்பை கோப்பி கேட்டால், “வேக்கன்சி இல்லை.” குளியலறைக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து பிள்ளைகள், “பதவி நிரப்பப்பட்டுவிட்டது.” மருமகன் பெண் பார்க்க வந்த அன்று என் சின்ன மகள் அவரிடம், “நற்சான்றுப் பிரதி இரண்டு கொண்டு வந்தீங்களோ?” என்று கேட்டே விட்டாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். முப்பத்தைந்து வருடமாகச் சிரிக்கிறேன்.

போன வருடம் வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் கணவர், தங்கமான மனிதர், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் மனைவிக்கு ஆளைத் தெரிந்ததும் சும்மா இருப்பாளா? சாப்பாட்டு மேசையிலேயே தொடங்கிவிட்டாள்.

“அக்கா, உங்கட வீட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டு, தானே இல்லை எண்டு எழுதின விசர் மனிசன் இவர்தான்!”

மேசை முழுவதும் சிரித்தது. அவளுடைய கணவர் கண்ணீர் வரச் சிரித்தார். புவனேஸ்வரியும் சிரித்தாள். சிரித்து முடித்து, இலையில் இருந்த சோற்றை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்.

“அப்பா செத்தாப் பிறகு அந்தக் கம்பியைக் கழட்டினது நான்தான். தண்ணி வரி, லைசென்ஸ் எண்டு ஒரு குவியல். எல்லாத்தையும் எரிச்சுப் போட்டன்.” பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “ரெண்டு கடிதம் மட்டும் அபேயன்ஸில வைச்சிருக்கிறன்.”

“அபேயன்ஸோ? அப்பிடியெண்டால் என்னப்பா?” என்று என் மனைவி என்னைக் கேட்டாள்.

முதல் நாள், எட்டாவது சொல். கடல் காற்று. அவள் கையில் கிழிந்த தாள்.

“மறந்து போச்சு” என்றேன். “வீட்டை போய் அகராதியைப் பார்க்க வேணும்.”

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பகிடிகள் ஓடுகின்றன. பழையதோடு, அகராதியைப் பாடமாக்கி வாழ்க்கையையே கெடுத்துக்கொண்ட மனிசனுக்கு அதன் முதல் பக்கத்துச் சொல்லே மறந்துவிட்டது என்பது மற்றது. என் மனைவி அதைச் சொல்லும்போதெல்லாம் நான்தான் முதலில் சிரிக்கிறேன்.